முதிராமல் நிற்கும் முட்டைகள்

தாயின் வயிற்றில் 20 வாரக் கருவாக இருக்கும்போதே ஒரு பெண்ணின் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது அவற்றில் 10 முதல் 20 லட்சம்தான் மிச்சம். வயதுக்கு வரும் காலத்தில் மூன்று, நான்கு லட்சம். அதற்குப் பிறகு மாதவிலக்கு நிற்கும் வரை முழுதாக முதிர்ந்து வெளியே வருபவை ஏறத்தாழ 400. மற்றவையெல்லாம் வளரத் தொடங்கிப் பாதியில் சுருங்கி மறைந்துவிடும். எல்லாப் பெண்களுக்கும் இதுதான் இயற்கையின் கணக்கு.

பேச்சில் ‘நீர்க்கட்டி’ எனப்படும் பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) உள்ள பெண்ணிடம் இந்த இருப்பில் குறையே கிடையாது. பெரும்பாலும் மற்றவர்களைவிடக் கூடுதலான முட்டைகள் வளரக் காத்திருக்கின்றன. ‘நீர்க்கட்டி இருக்கிறது, குழந்தை பிறப்பது கஷ்டம்’ என்ற ஒற்றை வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் பெண்களுக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்வதில்லை. இந்த அத்தியாயம் அவர்களுக்காகவே.

முதலில் ஒழுங்கான ஒரு மாதத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு முட்டையும் ஃபாலிக்கிள் எனப்படும் நீர் நிறைந்த சிறு பைக்குள் இருக்கிறது. மாதவிலக்கு தொடங்கியதும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அனுப்புகிறது. பல ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளர ஆரம்பிக்கின்றன. 10 மில்லிமீட்டர் அளவை எட்டும்போது ஒன்று மட்டும் மற்றவற்றை முந்துகிறது. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் மூளைக்குப் போய், ‘போதும், எஃப்.எஸ்.எச்.சைக் குறை’ என்று தெரிவிக்கிறது. மற்றவை வாடிவிட, முந்திய ஒன்று 18, 20 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. அப்போது எல்.எச். என்ற இன்னொரு ஹார்மோன் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது. ஒன்றரை நாளுக்குள் பை திறந்து முட்டை வெளியேறுகிறது. ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கும் பெண்கள் ‘முட்டை வெடிச்சிருச்சா?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது இந்த நிகழ்வைத்தான். வெடித்த பை புரோஜெஸ்ட்ரோனைச் சுரந்து கருப்பையின் உட்சுவரைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் சுமார் 14 நாளில் அந்தச் சுரப்பு நின்று மாதவிலக்கு வருகிறது.

பி.சி.ஓ.எஸ்.ஸில் இந்த ஓட்டம் நடுவழியில் நின்றுவிடுகிறது. பல ஃபாலிக்கிள்கள் சேர்ந்து வளர்கின்றன. எதுவும் மற்றவற்றை முந்துவதில்லை. 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே எல்லாம் நிற்கின்றன. நாற்று நெருக்கமாக முளைத்தும் நடவு நடக்காமல் நிற்கும் நாற்றங்கால் மாதிரி. ஸ்கேன் திரையில் சினைப்பையின் ஓரமாகக் கரும்புள்ளிகளாகத் தெரிபவை இவைதான். அவற்றை அறுத்து எடுக்க வேண்டியதில்லை, மருந்து கொடுத்துக் கரைக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை இருக்கிறது. ‘கட்டி கரைய’ என்று விற்கப்படும் பொடிக்கும் கஷாயத்துக்கும் பணம் கொடுக்குமுன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட சினைப்பைகளை மருத்துவம் வெகுகாலமாகவே பார்த்துவருகிறது. இத்தாலிய மருத்துவர் வல்லிஸ்நேரி 1721இல், பிள்ளையில்லாத இளம் கிராமத்துப் பெண்களிடம் வழக்கத்தைவிடப் பெரிய, மேடுபள்ளமான, பளபளக்கும் வெண்ணிறச் சினைப்பைகளைக் கண்டு எழுதிவைத்தார். காட்சிகளைக் கோத்து இது ஒரு நோய்க்கூட்டம் என்று காட்டியவர்கள் சிகாகோவின் இர்விங் ஸ்டைனும் மைக்கேல் லெவந்தாலும். 1935இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இருந்தவர்கள் ஏழே பெண்கள். மாதவிலக்கு நின்றுபோனவர்கள், முகத்திலும் உடலிலும் முடி வளர்ந்தவர்கள், சினைப்பை பெருத்தவர்கள். ஸ்டைன் அவர்களது சினைப்பைகளிலிருந்து ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்தார். ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது. இருவர் கருவுற்றனர். ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்களைச் சுரக்கும் திசு குறைந்ததால் நேர்ந்த மாற்றம் அது. ஆனால் வெட்டிய இடத்தில் குடலும் குழாயும் ஒட்டிக்கொண்டு புதிய சிக்கல்கள் வந்தன. மாத்திரைகள் வந்ததும் அந்த அறுவை வழக்கொழிந்தது. லேப்ராஸ்கோப் வழியாகச் சினைப்பையில் சிறு துளையிடும் முறையாக அதன் மிச்சம் இன்றும் சில இடங்களில் நடக்கிறது. அது முதலில் செய்ய வேண்டிய சிகிச்சை அல்ல.

சினைப்பை ஏன் இப்படி ஆகிறது? 1980இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர ஆய்வாளர்கள் எதிர்பாராத ஒரு தொடர்பைக் கண்டார்கள். இந்தப் பெண்களின் ரத்தத்தில் ஆண்ட்ரோஜன் கூடக்கூட இன்சுலினும் கூடியிருந்தது. சர்க்கரையோடு தொடர்புடைய ஹார்மோனுக்குச் சினைப்பையில் என்ன வேலை?

இன்சுலினின் முதல் வேலை ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது. சில உடல்களில் தசை அதன் சொல்லுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் விடாமல் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ரத்தச் சர்க்கரை அளவு பல ஆண்டுகளுக்கு இயல்பாகவே இருக்கும். அதற்காகச் சுரந்த கூடுதல் இன்சுலின் மட்டும் உடலெங்கும் சுற்றிவரும். செவிசாய்க்காதது தசைதான். சினைப்பைக்கு இன்சுலினின் குரல் நன்றாகவே கேட்கிறது. எல்.எச்.சோடு சேர்ந்து அது சினைப்பையை மேலும் மேலும் ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. கல்லீரலில் இன்னொரு வேலையும் செய்கிறது. ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதம் அங்கே உருவாகிறது. இன்சுலின் அதன் அளவைக் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் தாடையில் முடியாகவும், முகத்தில் பருவாகவும், உச்சந்தலையில் முடி உதிர்வாகவும் வெளிப்படுகிறது. பின்கழுத்திலும் அக்குளிலும் தேய்த்தாலும் போகாமல் படரும் கருமை, அழுக்கால் வருவதில்லை. மிகுந்த இன்சுலின் தோலில் விட்டுச்செல்லும் தடம் அது. அதைப் பார்த்து ‘நல்லாத் தேச்சுக் குளி’ என்று மகளை அதட்டும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளையின் பங்கும் உண்டு. பிட்யூட்டரிக்கு மேலிருந்து வரும் துடிப்புகள் இவர்களிடம் வேகமாக இருக்கின்றன. வேகம் கூடினால் எல்.எச். மிகும், எஃப்.எஸ்.எச். பின்தங்கும். ஃபாலிக்கிள் முழுதாக வளர வேண்டியதோ எஃப்.எஸ்.எச்.தான். தேங்கி நிற்கும் சிறு ஃபாலிக்கிள்கள் ஏ.எம்.எச். என்ற பொருளைச் சுரந்து, வருகிற கொஞ்சம் எஃப்.எஸ்.எச்.சின் பிடியையும் தளர்த்துகின்றன. ஆண்ட்ரோஜன் தேக்கத்தை வளர்க்கிறது, தேக்கம் மூளையின் தாளத்தைக் கெடுக்கிறது, கெட்ட தாளம் மறுபடி ஆண்ட்ரோஜனை ஏற்றுகிறது. எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாத வட்டம் இது. பரம்பரையும் இதில் உண்டு என்பதால் அக்காவுக்கு இருந்தால் தங்கையிடமும் எதிர்பார்க்கலாம். அப்பா வழியிலும் வரலாம். உடல் பருத்தால் இந்த வட்டம் வேகமாகச் சுழலும். ஒல்லியான பெண்களுக்கும் அது உண்டு. ‘குண்டா இல்லையே, உனக்கு எப்படி?’ என்று கேட்டு மாதக்கணக்கில் அலையவிடப்படும் பெண்கள் இருக்கிறார்கள்.

நோயை உறுதிசெய்ய உலகமெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நிபுணர்கள் கூடி வகுத்தது. ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்ட்ரோஜன் மிகுதி (உடலில் தெரிந்தாலும் சரி, ரத்தத்தில் தெரிந்தாலும் சரி), ஸ்கேனில் நிறைய ஃபாலிக்கிள்கள். இந்த மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லையென்று தெரிந்தால் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். உலக அளவில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதத்தினருக்கு இது இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஸ்கேன் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இந்த அளவுகோலில் இடமில்லை. 2003இல் ஒரு சினைப்பையில் 12 ஃபாலிக்கிள்கள் இருந்தாலே அதிகம் என்றார்கள். கருவிகள் நுட்பமானதும் நலமான பெண்களிடமே அத்தனை எண்ண முடிந்தது. வரம்பு 20க்கு உயர்ந்தது.

பள்ளிக்கூடப் பெண்களின் விஷயத்தில் எனக்கு உண்மையான கோபம் உண்டு. வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான தாளம் இன்னும் அமைந்திருக்காது. மாதவிலக்கு 40, 45 நாளுக்கு ஒருமுறை வருவது அப்போது இயல்பு. ஃபாலிக்கிள்களும் நிறையவே இருக்கும். வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும் வரை ஸ்கேனை வைத்து இந்த நோயைத் தீர்மானிக்க வேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. நம் ஊர்களிலோ பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஸ்கேன் மேசையில் கிடத்தி, ‘நீர்க்கட்டி’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தாள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. பெண் பார்க்க வரும் காலத்தில் அதை மறைப்பதா சொல்வதா என்று குடும்பமே கூடிப் பேசுகிறது. அறிகுறி உள்ள சிறுமியை ‘பின்னாளில் வரக்கூடும்’ என்று குறித்துவைத்துக் கவனித்து வந்தால் போதும்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. ‘கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்.’ தாலி கட்டுவதால் இன்சுலின் குறையாது. மூன்று மாதம், நான்கு மாதம் மாதவிலக்கே வராமல் விடுவதில் ஆபத்து உண்டு. முட்டை வெடிக்காத மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன் கிடையாது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உட்சுவரைத் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படிக் கிடந்தால் அது புற்றுநோய் வரை போகலாம். 90 நாளுக்கு மேல் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பீரியட்ஸ் வர மாத்திரை தருவது அந்த உட்சுவரைக் காக்கத்தான். அந்த உதிரப்போக்கு வந்ததால் முட்டை வெளிவந்தது என்று ஆகிவிடாது. ஒழுங்குபடுத்தத் தரும் கருத்தடை மாத்திரையால் பின்னாளில் பிள்ளை பிறக்காது என்ற பயமும் பொய். நிறுத்திய பின் கருவுறும் திறன் திரும்பிவிடும்.

இப்போது கருவுறுதலுக்கு வருவோம். திருமணமாகி நாலு மாதம் ஆகியிருக்காது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், ‘என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற கேள்வி வரும். பதில் சொல்ல முடியாமல் தலைகுனிபவள் பெண். முதல் விந்தணுப் பரிசோதனைக்குக் கணவனை அழைத்துப் போகும் முன்னரே அவளுக்கு ஸ்கேன், ரத்தம், கருக்குழாய்ப் பரிசோதனை என்று எல்லாம் முடிந்திருக்கும். கருத்தரிக்காத தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆணிடமும் காரணம் இருக்கிறது. எளிய, செலவு குறைந்த அந்தப் பரிசோதனைதான் முதலில் நடக்க வேண்டும். மனைவிக்கு பி.சி.ஓ.எஸ். என்று தெரிந்திருந்தாலும் கூட.

முட்டை எப்போதாவதுதான் வெடிக்கும் என்பதால், முயலும் வாய்ப்பு ஆண்டுக்குப் பன்னிரண்டுக்குப் பதில் நான்கோ ஐந்தோ ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் இந்தக் கணக்குதான். கடையில் வாங்கி வீட்டில் பார்க்கும் எல்.எச். பட்டையை நம்பி நாள் குறிப்பதும் பலருக்குப் பலிப்பதில்லை. எல்.எச். எப்போதுமே ஏறியிருப்பதால் அது பொய்யாகவே ‘இன்று’ என்று காட்டக்கூடும்.

மாத்திரையால் முட்டையை முதிரவைக்கும் வழி 1961இல் திறந்தது. அமெரிக்காவின் ராபர்ட் கிரீன்பிளாட் குழுவினர் குளோமிஃபின் மாத்திரையால் முட்டை வெளிவருவதைக் காட்டினார்கள். அது நாற்பது ஆண்டுகள் கோலோச்சியது. 2001இல் டொராண்டோவின் மிட்வாலியும் காஸ்பரும், மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் லெட்ரோசோலை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். ஆண்ட்ரோஜன் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதை அது சில நாள் தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததைக் கண்ட மூளை எஃப்.எஸ்.எச்.சை ஏற்றுகிறது. ஐந்து நாளில் மருந்து நின்றதும் ஈஸ்ட்ரோஜன் மீள்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு ஃபாலிக்கிள் முந்துகிறது.

இந்த மாத்திரையின் இந்திய வரலாற்றை நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். 2005இல் ஒரு மருத்துவ மாநாட்டில், லெட்ரோசோலால் பிறந்த சுமார் 150 குழந்தைகளில் பிறவிக் குறைபாடு கூடுதலாக இருப்பதாக ஓர் ஆய்வுச்சுருக்கம் வாசிக்கப்பட்டது. ஒப்பிட எடுத்துக்கொண்டதோ சிக்கல் எதிர்பார்க்காத சாதாரணப் பிரசவங்கள். மறு ஆண்டு கனடாவில் 911 குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, லெட்ரோசோல் வழிப் பிறந்த 514 பேரில் 14 பேருக்கும், குளோமிஃபின் வழிப் பிறந்த 397 பேரில் 19 பேருக்கும்தான் குறைபாடு. புதிய மருந்து பழையதைவிட மோசமாக இல்லை. ஆனாலும் 2011 அக்டோபரில் இந்திய அரசு குழந்தைப்பேற்றுக்கு லெட்ரோசோல் தருவதைத் தடைசெய்தது. பிறக்கவிருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். சான்று வந்த பிறகும் பல ஆண்டுகள் தடை நீடித்ததை ஏற்க முடியவில்லை. 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், குளோமிஃபின் பெற்றவர்களில் 19.1 சதவீதத்தினரும் லெட்ரோசோல் பெற்றவர்களில் 27.5 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள். அந்த வித்தியாசம் முப்பதைத் தாண்டிக்கொண்டிருந்த எத்தனையோ பெண்களுக்கு ஒரு பிள்ளையின் வித்தியாசம். இப்போது தடை இல்லை. இந்த நோயில் முட்டை முதிரவைக்க முதலில் தர வேண்டிய மருந்தே இதுதான் என்கிறது 2023இன் சர்வதேச வழிகாட்டுதல்.

மெட்ஃபார்மினைப் பற்றி ஒரு வார்த்தை. இன்சுலின் மிகுதியைக் குறைக்க அது நல்ல மருந்து. அதை மட்டும் தந்து பிள்ளைக்குக் காத்திருப்பதில் பயன் குறைவு. 2007இல் வெளிவந்த 626 பெண்களின் ஆய்வில் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் 7.2 சதவீதம்தான் குழந்தை பெற்றார்கள், குளோமிஃபினில் 22.5 சதவீதம்.

மாத்திரைக்கு மசியாதபோது ஹார்மோன் ஊசி, அதற்கும் பிறகு ஐ.வி.எஃப். என்னும் சோதனைக்குழாய் முறை. இந்தப் படிகளில் அவசரம் ஆபத்தானது. காத்திருக்கும் ஃபாலிக்கிள்கள் ஏராளம் என்பதால், ஊசியின் அளவு சற்றே கூடினாலும் எல்லாம் ஒன்றாக வளர்ந்து, ரத்தநாளங்களிலிருந்து நீர் வயிற்றுக்குள் கசியும், மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்தாகலாம். இதைத் தவிர்க்க நல்ல வழி இருக்கிறது. சீனாவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 1,508 பெண்களில் பாதிப் பேருக்குக் கருவை உடனே வைக்காமல் உறையவைத்து, உடல் அடங்கிய பிறகு வைத்தார்கள். 2016இல் முடிவு வந்தது. அந்த ஆபத்து 7.1 சதவீதத்திலிருந்து 1.3 ஆகக் குறைந்தது. குழந்தை பெற்றவர்களும் 42 சதவீதத்திலிருந்து 49.3 ஆகக் கூடினார்கள். முதல் சந்திப்பிலேயே ஐ.வி.எஃப். என்று தொகை சொல்லும் இடத்தில், ‘மாத்திரை ஏன் முதலில் வேண்டாம்?’ என்று கேட்கும் உரிமை தம்பதிக்கு உண்டு. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும், கருக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கும், கணவரின் விந்தணு மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு.

காலம் இவர்களுக்கு முழுக்க எதிரி இல்லை. வயது ஏறஏற ஃபாலிக்கிள்களின் எண்ணிக்கை குறைந்து, தேக்கம் தளர்ந்து, முப்பதுகளின் பிற்பகுதியில் பலருக்கு மாதவிலக்கு தானாகவே ஒழுங்காகிறது. ஸ்வீடனில் இந்தப் பெண்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, குழந்தைக்கு முயன்றவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் தாயாகியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல். முட்டையின் தரம் மட்டும் எல்லோருக்கும் போலவே வயதோடு குறையும். ஆகவே இதைக் காட்டி முயற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள், ‘எனக்குத்தான் நீர்க்கட்டி இருக்கே’ என்று பாதுகாப்பில்லாமல் இருப்பதும் தவறு.

எடை குறைந்தால் முட்டை வெளிவரும் என்பது உண்மை. உள்ள எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே சிலருக்கு மாதவிலக்கு திரும்புகிறது. ஆனால் எடை குறைக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோவது சிகிச்சை ஆகாது. மிகுந்த இன்சுலினோடு தினமும் மல்லுக்கட்டுபவளிடம் அதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவே கூடாது. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வு எனக்கு எப்போதும் நம்பிக்கை தருவது. நீரிழிவின் வாசலில் நின்ற ஆண்களும் பெண்களும் நடந்தார்கள், சோற்றையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்தார்கள். எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நீரிழிவு வருவது மட்டும் 28.5 சதவீதம் குறைந்தது. தசை வேலைசெய்தால் இன்சுலினுக்குச் செவிசாய்க்கும்; எடைக்கருவி அசையாத வாரங்களிலும் அது நடக்கிறது. இந்த நோய்க்கென்று தனி உணவுமுறை எதுவும் மற்றவற்றைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, காயும் சுண்டலும் முட்டையும் மீனும் கூட்டி, வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே அவளும் சாப்பிடலாம். தனித்தட்டு வைத்தால் அது தண்டனையாகத்தான் தெரியும்.

மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் அதிகம் என்பதை ஆய்வுகள் உறுதிசெய்துவிட்டன. அதையும் கேட்டறிவது மருத்துவரின் கடமை என்கிறது வழிகாட்டுதல். வாரந்தோறும் கதவைச் சாத்திக்கொண்டு தாடை முடியைப் பிடுங்குபவள், அதைக் கணவனிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுகளைக் கடத்துகிறாள். லேசர் சிகிச்சையும் ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரையும் இருக்கின்றன. கருவுற முயலத் தொடங்கும் முன்பே அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

கரு தங்கியதும் கவனம் கூட வேண்டும். கர்ப்பகால நீரிழிவு, ரத்த அழுத்தம், குறைப்பிரசவம் மூன்றும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா இடைவிடாமல் வலியுறுத்தியதால், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வழக்கமாயிற்று. சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிறானாலும் 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். அதில் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டினால் கர்ப்பகால நீரிழிவு. பி.சி.ஓ.எஸ். உள்ளவர் இதை முதல் மாதங்களிலேயே செய்துகொண்டு, ஆறாம் மாதத்தில் மறுபடி செய்ய வேண்டும். பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் இன்னொரு முறை. குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வரும் நாளிலேயே தாய்க்கும் அதை எடுத்துவிடலாம். அதன் பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பிள்ளை வளர்ந்து பள்ளிக்குப் போகும் காலத்திலும், மாதவிலக்கு நின்ற பின்னும்.